ரெண்டாவது சாவி

வாங்க தங்கச்சி, வாங்க. செருப்பு கெடக்கட்டும், அப்படியே உள்ள வாங்க. ஐஸ் பெட்டி எடுக்க வந்தது நீங்கதான? ஒங்க வீட்டுக்காரர் போன வாரம் வந்து பாத்துட்டுப் போனாரு. லோடு ஆட்டோ எங்க? அவரு கூட்டிட்டு வாராரா? சரி, வரட்டும், மெதுவா வரட்டும். அதுவரைக்கும் இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேன் போடலாம்னா இப்பந்தான் கரண்ட் போச்சு. ஆடிக் காத்து கொஞ்சம் ஓங்கி அடிச்சாப் போதும், நம்ம தெருவுக்குக் கரண்ட் நிக்காது.

இதான் பெட்டி. தெறந்து பாருங்க. கூச்சப்படாதீக, இந்தா நானே தெறக்கேன். உள்ள ஒரு கீறல் உண்டா? கெடையாது. மூடியைத் தூக்கும்போது 'ப்ஸ்'ஸுன்னு ஒரு சத்தம் வருதுல்லா? அந்தச் சத்தம் வந்தா ரப்பர் நல்லாருக்குன்னு அர்த்தம். இந்தா, இன்னொரு தடவை கேளுங்க. அஞ்சு வருசமா நான் ஒரு நாளைக்கிப் பத்து தடவையாச்சும் தெறந்து பாத்த பெட்டி இது. அவ்வளவு கவனமா வச்சிருந்தேன்.

வெலையைப் பத்தி நான் ஒண்ணும் பேசல. அது நீங்களும் வடிவும் போன்ல பேசிக்கிட்டது. வடிவு எம் பொண்டாட்டி. சங்கரவடிவுன்னு முழுப்பேரு. அவ இப்ப வீட்டுல இல்ல, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேக்கரியில வேலைக்குப் போறா. காலையில போனா பொழுது அடைஞ்சுதான் வருவா. அங்கன ரசமலாய் போடுதா, பாதுஷா போடுதா, டப்பாவுல கடைக்காரன் பேரு ஒட்டி விக்கான். பதினோரு வருசம் சொந்தமாக் குல்பி போட்டவ தங்கச்சி. என்னத்தச் சொல்ல.

'நல்ல பெட்டியை ஏன் அண்ணாச்சி விக்கீக?'ன்னு ஒங்க வீட்டுக்காரரும் கேட்டாரு. எல்லாம் இந்தக் கரண்டால வந்த வெனைதான். அவருட்ட நின்னு சொல்ல நேரமில்ல. நீங்க உக்காந்துட்டீக, கேளுங்க.

நான் தறி மெக்கானிக். இருபத்தாறு வருசம் விசைத்தறிக் கூடத்துல வேலை பாத்தவன். கூடத்தை மூடிட்டாக, நானும் வீட்டுக்கு வந்துட்டேன். அப்பமே வடிவு வீட்டுல குல்பி போட்டுக்கிட்டு இருந்தா. பாலைச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, முந்திரியை மாவா அரைச்சுக் கலந்து, பாக்கச் சாதாரணமாத்தான் இருக்கும். வாயில வச்சாத்தான் தெரியும். தள்ளுவண்டிக்காரங்க நாலு பேரு வந்து வாங்கிட்டுப் போவாக. வண்டியில 'டெல்லி குல்பி'ன்னு எழுதியிருக்கும். வடிவு தென்காசியைத் தாண்டிப் போனவ கெடையாது. அவ போட்ட குல்பியைத் தின்னுட்டு எங்க தெருக்காரனே சொல்லுதான், 'டெல்லிக்காரன் டெல்லிக்காரன்தான்'ன்னு. அவ அதைக் கேட்டுச் சிரிச்சுக்கிடுவா. ஆனா உள்ளுக்குள்ள இருந்திருக்கும். இருக்காதா?

இந்தப் பெட்டி வாங்குன பொறவு வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். பாலு அவ பொறுப்பு, மிசினு என் பொறுப்பு. அப்படின்னு அவ சொல்லல, நானா எடுத்துக்கிட்டேன். வேற யாரு இருக்கா? ரெண்டு பேருதான் வீட்டுல.

இந்தச் சித்திரையில என்ன ஆச்சுன்னா, அரிசி மில்லுக்காரர் வீட்டம்மா ஒரு நாள் காரைத் தெரு முக்குல நிப்பாட்டிட்டு நடந்து வந்தாக. கோயில் கொடைத் திருவிழாவுல தள்ளுவண்டில குல்பி தின்னுருக்காக. வண்டிக்காரன்ட்ட விசாரிச்சு விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சு வந்துட்டாக. அவுக மகளுக்குக் கல்யாணம். ரிசப்சனுக்கு நானூறு சின்ன மண்சட்டியில குல்பி வேணும், எலையில வைக்க ரசமலாய் வேணும்னு கேட்டாக. வடிவு தலையை ஆட்டிக்கிட்டே நிக்கா. அந்தம்மா போறப்ப திரும்பி நின்னு, 'ஒம் பேரைப் போட்டு ஒரு ஸ்டால் வைக்கணும் வடிவு. டெல்லின்னு போட்டா நான் ஒத்துக்கிட மாட்டேன்'னாக.

அன்னைக்கி ராத்திரி அவ சோறு திங்கல. சந்தோசத்துல. ஃப்ளெக்ஸ் அடிக்க எழுதிக் குடுக்கணும்லா, 'வடிவு குல்பி'ன்னு போடவா, 'சங்கரவடிவு குல்பி'ன்னு போடவான்னு என்ட்ட கேக்கா. முழுப்பேரைப் போடுன்னேன். 'ரொம்ப நீளமாத் தெரியாதா?'ன்னா. நீளமாத் தெரிஞ்சாத் தெரியட்டும் ஏட்டி, ஒம் பேருதானன்னேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல அவ அப்படி ஒரு மொகத்தோட நின்னு நான் பாத்ததில்ல.

அந்த ஃப்ளெக்ஸா? அந்தா, பின்னால தண்ணித் தொட்டிக்கு மேல கெடக்கு பாருங்க. நல்ல கெட்டி சீட்டு. வீணாப் போகக் கூடாதுன்னு நாந்தான் போட்டு மூடுனேன். எழுத்து உள்பக்கம் இருக்கு. அவளே அப்படித் திருப்பிப் போட்டுட்டா.

ரிசப்சன் ஞாயித்துக்கெழமை சாயங்காலம். திங்கள்ல இருந்து வேலையை ஆரம்பிச்சுட்டா. வியாழக்கெழமை ராத்திரிக்குள்ள நானூறு சட்டியும் ரொம்பிப் பெட்டிக்குள்ள ஏறிட்டு. மேல ஒவ்வொண்ணுக்கும் வெள்ளித்தாளு சுத்தி, அடுக்கடுக்கா. ரசமலாய் ரெண்டு பெரிய சட்டி, அது சமையக்கட்டு ஃப்ரிட்ஜுல. போதாக்கொறைக்கு மில்லுக்காரவீட்டுப் பிள்ளைக தனியாத் திங்கன்னு ஒரு தாம்பாளம் பால்கோவா கிண்டி, மூடிப் பரண்ல வச்சிருந்தா.

வெள்ளிக்கெழமை அவ அம்பாசமுத்திரம் போக வேண்டியதாப் போச்சு. அவ அக்கா வீட்டுக்காரர் எறந்து பதினாறாம் நாளு. போகாம இருக்க முடியுமா? சனிக்கெழமை பொழுது சாயத் திரும்பிருவேன்னா. கெளம்புதப்ப பெட்டியைப் பூட்டுனா. அதுல ஒரு பூட்டு உண்டு, இந்தா இங்கன. பூட்டிட்டு என்னைப் பாத்து, 'கரண்ட் போனாப் போகட்டும். வானம் இடிஞ்சு விழுந்தாலும் விழட்டும். பெட்டியை மட்டும் தெறந்திராதீக'ன்னா. சரின்னேன். பஸ் ஏறிப் போயிட்டா. போன பொறவு பாக்கேன், சாவியைக் காணும். கையோட எடுத்துட்டுப் போயிட்டா. துக்க வீட்டுக்குப் போற அவசரம், மறந்துட்டா பாவம்.

நல்லவேளை, எனக்குப் புத்தி இருந்துச்சு. பெட்டி வாங்கும்போது கம்பெனிக்காரன் ரெண்டு சாவி குடுத்தான்லா, அதுல ஒண்ணை நான் அன்னைக்கே எடுத்து அந்தா அந்த முருகன் காலண்டருக்குப் பின்னால ஆணியில மாட்டி வச்சிருந்தேன். யாருக்கும் தெரியாது. ஆத்திர அவசரத்துக்கு வேணும்லா. அவ எப்பயாச்சும் பெட்டியைப் பூட்டிட்டு வெளிய போறப்ப எல்லாம் அது ஒதவியிருக்கு.

பதினோரு மணி இருக்கும். வெயிலு சுள்ளுன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு, திடீர்னு இருட்டுது. காத்துன்னா காத்து. கோடை மழை எப்படி வரும்னு ஒங்களுக்குத் தெரியும். முக்குல நின்ன வேம்பு அப்படியே கரண்ட் கம்பி மேல சாஞ்சிட்டு. கம்பம் ஒடிஞ்சு, 'டப்'புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். தெரு முழுக்கக் கரண்ட் போச்சு.

தறிக்கூடத்துல கரண்ட் போச்சுன்னா மெக்கானிக் சும்மா உக்காரக் கூடாது தங்கச்சி. குறுக்கு நூலைக் கொண்டு ஓடுத நாடா எந்தத் தறியில எங்க நிக்குன்னு ஒவ்வொண்ணாப் போய்த் தொட்டுப் பாக்கணும். இல்லேன்னா திரும்பக் கரண்ட் வரும்போது பாவு நூலு பூரா அத்துட்டுப் போயிரும். இருபத்தாறு வருசம் பழகுன கையி. கரண்ட் போனா நம்ம காலு தன்னால எந்திரிச்சு நடக்கும். காலண்டரைத் தூக்கி, சாவியை எடுத்து, பெட்டியைத் தெறந்து பாத்தேன். எல்லாம் கல்லு கணக்கா இருந்துச்சு. அப்பாடான்னு மூடுனேன். கா மணி நேரம் கழிச்சு மறுபடி பாத்தேன். அப்பமும் கல்லுதான். ஆனா மேல இருந்த பனிப் பொகை கொறஞ்ச மாதிரி ஒரு சந்தேகம். ஒரு சட்டியை எடுத்து வெள்ளித்தாளைப் பிரிச்சு அமுக்கிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல.

கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டா எடுக்கல. நேராப் போனேன். லைன்மேன் ஒருத்தன், சின்னப் பையன், ரெயின் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கான். 'கம்பமே ஒடிஞ்சு போச்சு அண்ணாச்சி, மரத்தை அறுத்துப் புதுக் கம்பம் நடணும். விடியத்தான் வரும்'ங்கான். வீட்டுல நானூறு சட்டி குல்பி இருக்குடான்னேன். 'பெட்டியை மூடி வச்சா நாளைக்கி மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, போய்ப் படுங்க'ங்கான். எம் வயிறு எரியுது, அவன் படுக்கச் சொல்லுதான். அவன் வீட்டுக் குல்பின்னா படுப்பானா? அவனைப் பத்தி மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டிருக்கேன். இன்னும் பதிலு வரல.

திரும்பி வந்து ஓட்டமா ஓடிப் பெட்டியைத் தெறந்து பாத்தேன். பரவாயில்ல, இருந்துச்சு. அப்பந்தான் சமையக்கட்டு ஃப்ரிட்ஜு ஞாபகம் வருது. உள்ள ரசமலாய் இருக்குல்லா, அது என்ன கதி? தொட்டேன், குளிர்ச்சி விட்டுப் போச்சு. பால் சாமான், ஒரு மணி நேரத்துல புளிச்சிரும். யோசிச்சேன். பெட்டிக்குள்ள அவ்வளவு குளிர் சும்மாத்தான கெடக்கு? மேலடுக்குக் குல்பியை எறக்கித் தரையில வச்சிட்டு, ரெண்டு ரசமலாய்ச் சட்டியையும் உள்ள எறக்கி, மறுபடி குல்பியை அடுக்குனேன். அரை மணி நேரம் ஆயிட்டு. ஒத்தை ஆளு, என்ன செய்ய? பரண்ல கோவா இருந்தது சுத்தமா மறந்து போச்சு. அதுல நான் கையே வைக்கல. கடைசில பாருங்க, அது மட்டும் மூணு நாளு ஆகியும் அப்படியே இருந்துச்சு. அதிசயம்தான்.

ரெண்டு மணி வாக்குல எதுத்த வீட்டு ஞானதிரவியம் சார் வந்தாரு. ரிட்டையர்டு வாத்தியாரு, சர்க்கரை ஊசி போடுதவரு. மருந்து குளிர்ச்சியில இருக்கணும், அவுக ஃப்ரிட்ஜுலயும் கரண்ட் இல்ல. 'கொஞ்சம் வச்சுக்கிடுதியா குத்தாலிங்கம்?'ன்னாரு. உசுருக்கான மருந்து, மாட்டேன்னு சொல்லலாமா? வாங்கி வச்சேன். ஆனா ஒறைஞ்சிரக் கூடாதுன்னுட்டாரு. ஒறைஞ்சா மருந்து வீணாம். அதனால அரை மணிக்கு ஒருக்கா எடுத்து ஒறைஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டேன். அவருக்கு என் மேல ரொம்ப மரியாதை.

அவரு சும்மா இருக்காம யாருட்டயோ சொல்லிட்டாரு. பொறவு பாத்தா, பக்கத்து வீட்டு மதினி மாவுச்சட்டியோட நிக்காக. வெள்ளிக்கெழமை மாவு ஆட்டுன நாளு. வெக்கையில வெளிய வச்சா பொழுது அடையுறதுக்குள்ள புளிச்சு வழிஞ்சிரும்லா. 'அண்ணாச்சி, ஒரு ஓரமா'ன்னாக. அவுக பின்னால இன்னொரு அக்கா. அதுக்குப் பின்னால மாடி வீட்டுப் பிள்ளை. தெருவுல எட்டு வீடு, ஏழு மாவுச்சட்டி. ஒருத்தருக்கு வாங்கி வச்சிட்டு ஒருத்தருக்கு மாட்டேங்க முடியுமா? தெருவுக்கே ஒரு ஆபத்துன்னா நம்ம வீட்டைத்தான தேடி வாராக. சொல்லக் கூடாது, எனக்குக் கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. குல்பியைக் கொஞ்சம் ஒதுக்கி, ஏழு சட்டியையும் இருத்துனேன்.

சாயங்காலம் தோசை ஊத்துத நேரம். ஒவ்வொருத்தரா வாராக. 'ரெண்டு கரண்டி மாவு எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி.' எடுத்துட்டு மிச்சத்தைத் திரும்பக் கொண்டாந்து வைக்காக. எந்தச் சட்டி யாருதுன்னு எனக்கே கொழம்பிட்டு, எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சுத் தேடுனோம். பிள்ளைகளும் கூட வந்து எட்டிப் பாக்கு. 'குல்பி எளகுதா அண்ணாச்சி?'ன்னு கேக்காக. அவுகளுக்கும் தெறந்து காட்டுனேன். நாம படுற பாடு நாலு பேருக்குத் தெரியணும்லா. நாளைக்கி ஒரு கேள்வின்னு வந்தா சாட்சி வேணும்.

அப்பமே கொஞ்சம் எளக ஆரம்பிச்சிட்டு தங்கச்சி. விரலை வச்சா அமுங்குது. பொய் சொல்லல. மனசுல அந்த ஃப்ளெக்ஸு, அவ நின்ன மொகம், எல்லாம் வருது. ராத்திரி பூரா கண்ணு மூடல. டார்ச்சை எடுத்துக்கிட்டு எந்திரிக்கதும் பாக்கதும் படுக்கதுமா இருந்தேன். வேற எந்தப் புருசன் இப்படிக் கெடந்து காப்பான், சொல்லுங்க.

அடுத்த தெருவுல மைதீன் பாய் ஐஸ்கிரீம் கடை வச்சிருக்காரு. அவருக்கும் எங்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்தான். கரண்ட் போனதும் அந்தாளு என்ன செஞ்சாரு தெரியுமா? பெட்டி மேல ரெண்டு சாக்கையும் ஒரு கம்பளியையும் விரிச்சுப் போட்டாரு, ஷட்டரை எறக்குனாரு, மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிட்டாரு. எட்டிக்கூடப் பாக்கல. மறுநாள் வந்து தெறந்தா எல்லாம் சும்மா கிண்ணுன்னு இருக்காம். ஒண்ணு கெடல. என்ன பொறுப்பில்லாத மனுசன்! சிலருக்கு அப்படித்தான், அதிர்ஷ்டம் தேடி வந்து நிக்கும். அவரு பெட்டி வேற கம்பெனின்னு நெனைக்கேன். ஆனா இந்தப் பெட்டியும் ஒண்ணும் சோடை இல்ல, நீங்க பயப்பட வேண்டாம்.

விடியக் கருக்கல்ல தெறந்தா, மாடி வீட்டுப் பிள்ளை மாவு பொங்கிச் சட்டியைத் தாண்டி வழிஞ்சு குல்பி மேல எல்லாம் கெடக்கு. சவத்தை, எனக்கு அழுகையே வந்துட்டு. எல்லாத்தையும் வெளிய எடுத்து, தாளை ஈரத்துணியால தொடைச்சு, பெட்டியைக் கழுவி, மறுபடி அடுக்குனேன். உள்ள குல்பி தண்ணியாத் தளும்புது. நான் அடுக்கி முடிக்கேன், கரண்ட் வருது. பத்தொம்பது மணி நேரம் காத்துட்டு, அந்தச் சண்டாளக் கரண்டு அப்பம் வருது. பெட்டி 'உர்'ருன்னு ஓட ஆரம்பிச்ச சத்தத்தைக் கேட்டதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். குளிரு கூட்டுத திருகைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சேன். அதுக்குப் பொறவும் ஒறையுதா ஒறையுதான்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சாயங்காலத்துக்குள்ள மறுபடி எல்லாம் கல்லா ஆயிட்டு. சட்டியில கொஞ்சம் எறங்குன மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சேன்.

ஏழு மணிக்கு வடிவு வந்தா. பையைக்கூடக் கீழ வைக்கல. நேராப் பெட்டிக்கிட்டப் போறா. பூட்டுல எஞ் சாவி தொங்கிக்கிட்டு இருந்துச்சு, எடுக்க மறந்துட்டேன். அதைப் பாத்துக்கிட்டே நின்னா. பொறவு தெறந்து ஒரு சட்டியை எடுத்து, தாளைப் பிரிச்சு, ஸ்பூனால கிள்ளி வாயில போட்டா. கடிக்கப்ப எனக்கே கேட்டுச்சு, 'கறுக் கறுக்'குன்னு. குல்பி கறுக்குன்னு சத்தம் போடக் கூடாது. வெண்ணெயா எறங்கணும். நடு அடுக்குல ஒண்ணு எடுத்துத் தின்னா. அடியில இருந்து ஒண்ணு எடுத்தா. மோந்து பாத்தா. ரசமலாய்ச் சட்டியை மூடி தெறந்து பாத்துட்டு மூடுனா. ஏழெட்டுச் சட்டி பாத்திருப்பா.

'எத்தனை தடவை தெறந்தீக?'ன்னா.

'ரெண்டு மூணு தடவை இருக்கும் வடிவு. கரண்ட் ஆபீஸ்காரங்க பத்தொம்பது மணி நேரம்...'

'சாவி எங்க இருந்துச்சு?'

'காலண்டருக்குப் பின்னால.'

'எப்பத்துல இருந்து?'

'பெட்டி வாங்குன அன்னையில இருந்து.'

அவ்வளவுதான் கேட்டா. இந்தச் சேர்ல, நீங்க உக்காந்திருக்கீகல்லா, இதுல உக்காந்தா. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். அவ கத்தல. போனை எடுத்து மில்லுக்காரர் வீட்டம்மாவைக் கூப்பிட்டா. 'அம்மா, சாமான் கெட்டுப் போச்சு. என்னால குடுக்க முடியாது. மன்னிச்சிருங்க'ன்னா. அந்தம்மா அந்தப் பக்கம் என்னமோ கேக்காக. 'இல்லம்மா, கரண்டால இல்ல. எங்க வீட்டுலதான் தப்பு'ன்னா. கரண்ட் ஆபீஸ்காரனைத் தப்பிக்க விட்டுட்டா பாருங்க. எனக்கு அங்கதான் சுருக்குன்னு குத்துச்சு.

நான் கெஞ்சுனேன் தங்கச்சி. ஏட்டி, கல்யாண வீட்டுல எவன் மென்னு பாக்கான், எல்லாம் அவுக்கு அவுக்குன்னு முழுங்கிட்டுப் போவான், குடுத்துருவோம்னேன். அவ என்னை ஏறிட்டுப் பாத்து, 'டெல்லின்னு போட்டிருந்தாக் குடுத்திருப்பேன். எம் பேரு போட்டிருக்குல்லா'ன்னா.

அன்னைக்கே நானூறு சட்டியையும் வெந்நி ஊத்திக் கழுவிப் பின்வாசல் ஓடையில கொட்டுனா. தெருப் பிள்ளைகளுக்காச்சும் குடுப்போமேன்னேன். மாவு வாடை அடிக்கிறதைப் பிள்ளைகளுக்குக் குடுப்பேனான்னுட்டா. நானும் கூட நின்னு கொட்டுனேன். பின்வாசல்ல நாலு நாளைக்கி எறும்பு. ரிசப்சன்ல என்னமோ கப் ஐஸ்கிரீம் வச்சாகளாம். நான் போகல. பரண்ல இருந்த கோவாவை மட்டும் அவ கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தா. அந்தம்மா நல்லாருக்குன்னு சொன்னாகளாம். இதையும் அடுத்த வீட்டு மதினிதான் என்ட்ட சொன்னாக, வடிவு சொல்லல.

அதுல இருந்து குல்பி போடல. பாலு வாங்கல. தள்ளுவண்டிக்காரங்க வந்து வந்து பாத்துட்டு வாரத நிப்பாட்டிட்டாக. என்ட்ட சண்டை கிண்டை ஒண்ணும் கெடையாது. சோறு வைக்கா, சட்டை தொவைக்கா. 'சாப்பிட வாங்க', 'கேஸ் வந்துச்சு', அப்படித்தான் பேச்சு. மூணு மாசமாச்சு. எதுக்குன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, அலுத்துப் போச்சு'ங்கா. எனக்கும் அலுத்துத்தான் போச்சு. கரண்ட் ஆபீஸ் மேல ரெண்டாவதாப் போடுத மனுவுல தெருக்காரங்க கையெழுத்துப் போட்டாலாச்சும் ஒரு ஆறுதலா இருக்கும். மாவு வச்ச ஏழு வீட்டுலயும் கேட்டேன். 'பாப்போம் அண்ணாச்சி'ங்காக. நன்றி கெட்ட ஊரு.

இன்னும் பன்னெண்டு நாளுல அம்மன் கோயில் கொடை. போன வருசம் இந்நேரம் இந்தப் பெட்டி மூடி அடையாது, அவ்வளவு இருக்கும். வீடு பூரா ஏலக்காய் வாடை வீசும். இப்ப பாருங்க. உள்ள ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லேன்னு தெரியும், ஆனாலும் காலையில எந்திரிச்சதும் ஒருக்காத் தெறந்து பாக்கேன். பழக்கம்.

உள்ளதைச் சொல்லட்டா? நேத்து வரைக்கும் நான் நெனைச்சேன், கடைசி நேரத்துல அவ 'வேண்டாம், பெட்டியைக் குடுக்காதீக'ன்னு சொல்லிருவான்னு. காலையில கூட அவ செருப்பு மாட்டுதப்ப கேட்டேன், இன்னைக்கி எடுக்க வாராகளாமே வடிவு, குடுத்துரட்டான்னு. நின்னா. சொல்லப் போறா, சொல்லப் போறான்னு பாக்கேன். 'குடுத்துருங்க'ன்னா. பொறவு ரெண்டு எட்டு போயிட்டுத் திரும்பி வந்து ஒண்ணு சொன்னா. மூணு மாசத்துல அவ என்ட்ட நின்னு பேசுன நீளமான பேச்சு அதுதான். 'ரெண்டு சாவியையும் அந்தப் பிள்ளை கையிலயே குடுங்க. அது வீட்டுக்காரர் கையில குடுக்காதீக'ன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு காலையில இருந்து யோசிக்கேன், ஒண்ணும் பிடிபடல. நல்ல மனுசனால்லா தெரியுதாரு.

ஹாரன் கேக்குதா? ஒங்க ஆட்டோதான். அந்தா, வீட்டுக்காரரும் முன்னால உக்காந்திருக்காரு. எந்திரிங்க தங்கச்சி. மூடியைக் கயறு போட்டுக் கட்டச் சொல்லுங்க, வழியில தெறந்துக்கிட்டுக் கெடக்கக் கூடாது.

இந்தாங்க சாவி.

என்ன, ஒண்ணுதான் இருக்குன்னு பாக்கீகளா? இன்னொண்ணை ஒங்க வீட்டுக்காரர்ட்ட போன வாரமே குடுத்துட்டேன். 'பொம்பளைப்பிள்ளை என்னைக்காச்சும் சாவியை மறந்து கையோட எடுத்துட்டுப் போயிரும், நீங்க ஒண்ணைத் தனியா மாட்டி வச்சுக்கிடுங்க, கரண்ட் போற நேரத்துக்கு ஒதவும்'னு சொன்னேன். 'நல்லதாப் போச்சு அண்ணாச்சி'ன்னு சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. ஒங்கட்ட சொல்லலையா? மறந்திருப்பாரு.

வடிவுட்ட மட்டும் சொல்லிராதீக.